படுத்தால் காய்ச்சல், தொங்கினால் கடி

நான் கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் எட்டுப் பிள்ளைகள். வாசலில் இன்னும் பத்துப் பன்னிரண்டு. அவர்களுக்குப் பின்னால், முதுகில் எண்ணெய்த் தகரமும் கையில் வெள்ளைப் பீங்கான் குவளையுமாகக் கொசு மண்டோர்.

இருபத்து மூன்று வயது, ரயில்வே சரக்குக் கொட்டகையில் உத்தியோகம், இங்கிலீஷ் எழுதத் தெரிந்த கிராணி, அதாவது குமாஸ்தா. அப்படிப்பட்டவன் தன் சொந்த அறையில், தன் சொந்தக் கட்டிலின் மேல், வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏன் நின்றான் என்று கேட்டால், பயத்தினால்தான். வேறு காரணங்களும் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

"கண்டாச்சு!" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாலு காலுக்கும் நாலு கிண்ணம்! நாலுலயும் நெளியுது!"

எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது அந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் எல்லா வீட்டிலும் உண்டு. நான் எறும்புக்கும் பயந்தேன், காய்ச்சலுக்கும் பயந்தேன். கொயினா மாத்திரையை வெல்லம் மாதிரித் தின்று காது இரண்டும் இரைந்துகொண்டிருந்த காலம் அது. ஜன்னலைச் சாத்தி, சந்துகளில் பழந்துணி அடைத்து, வலை கட்டி, அதற்குள் போர்த்திப் படுத்து, கொசுவுக்கு எதிராக நான் ஒரு கோட்டையே கட்டியிருந்தேன். அந்தக் கோட்டைக்கு அஸ்திவாரமாக நான்கு கிண்ணம் கொசுவை நானே வளர்த்திருக்கிறேன்.

"அள்ளிப் பாரு. தொங்குதா, படுத்திருக்கா?" என்றார் மண்டோர்.

பிள்ளைகள் குவளைக்கு மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். நான் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கொலைகாரனைப் போல மேலே நின்றேன்.

"தொங்குது!"

"தொங்கினா?"

"கடி மட்டும்!" இருபது தொண்டையும் சேர்ந்து கத்தியது.

"எறங்குங்க கிராணியாரே. சாவ மாட்டீங்க," என்றார் அவர். சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பங்குக்கும் சேர்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் வரிசையிலேயே குடியிருந்த ராமாயி அக்கா அந்தப் பக்கமாகத் தண்ணீர்க் குடத்தோடு போனவள், நின்று பார்த்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் வித்து அதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப் போக எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

அவர் எண்ணெய் தெளிக்கிற கூலிகளுக்கு மண்டோர், ஊர்ப் பேச்சில் மேஸ்திரி. ரயில்வே ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் வாரம் ஒரு முறை எண்ணெய் அடிக்க வேண்டும். அவர் வந்தால் ஆளுக்கு முன்னால் மண்ணெண்ணெய் வாசனை வரும். பக்கத்தில் நின்று யாரும் சுருட்டுப் பற்ற வைக்க மாட்டார்கள். நெடுநெடுவென்று உயரம், குழி விழுந்த கன்னம், எந்நேரமும் யாரையோ அடிக்கப் போகிற முகம். கோபம் அவருக்கு வந்து போகிற சமாசாரம் இல்லை. காலையில் எழுந்ததும் சட்டையோடு சேர்த்துப் போட்டுக்கொள்வார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. காய்ச்சல் கொசுவால் வருகிறது என்று லயத்துப் பெரியவர்களிடம் ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்தார். "கொசு கடிச்சா சொறிஞ்சுக்குவோம் அண்ணே. காய்ச்சல் காத்து கருப்புல வர்றது," என்று சொல்லிவிட்டார்கள். அதிலும் எந்தக் கொசு என்று அவர் சொன்னது யாருக்கும் ஏறவில்லை. சாக்கடைக் கொசு கடிக்கும், அவ்வளவுதான். கொல்லுகிற கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். லயத்துக்குப் பின்னால் மேட்டின் அடியில் கண்ணாடி மாதிரி ஓர் ஊற்று கசிந்து ஓடும். பெண்கள் துணி துவைப்பதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அதில்தான். அந்த ஊற்றின் புல் ஓரத்தில்தான் எமன் இருக்கிறான் என்றார் மண்டோர். சாக்கடையை விட்டுவிட்டு ஊற்றில் எண்ணெய் ஊற்றுகிறானே, பைத்தியக்காரன் என்றது லயம்.

மேட்டுக்கு மேலே இருந்த பங்களாக்களுக்கு மட்டும் சிமிட்டி வாய்க்கால் வெட்டிக் கசிவை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்த வாய்க்காலைத் தாண்டும்போதெல்லாம் அதில் துப்பிவிட்டுத்தான் வருவார். "தொரை ரத்தம்னா சிமிட்டி. நம்ம ரத்தம்னா வாரத்துக்கு ஒரு தகரம் எண்ணெய்," என்பார்.

பெரியவர்கள் காதில் ஏறாததால் பிள்ளைகளிடம் போனார். போனவர் பாடமா நடத்தினார்? இருந்த விளையாட்டையெல்லாம் கெடுத்தார். கெடுத்தார் என்பது லயத்தின் சொல். அப்போது என் சொல்லும் அதுதான்.

ஊரில் கண்ணாமூச்சி என்றால் பிள்ளைகள் ஒளிவார்கள். அவருடைய கண்ணாமூச்சியில் தண்ணீர் ஒளியும். ஏழு எண்ணி முடித்ததும் எல்லாருமே தேட வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, சார்டின் மீன் டின், ஓட்டை அண்டா, வாழை மட்டை இடுக்கு, கிராணியார் கட்டில் கால் என்று நெளிகிற தண்ணீரை முதலில் கண்டவன் கத்துவான். ஏழு ஏன் என்றால், முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு நாள். அந்த லயத்துப் பிள்ளைகள் ஏழு வரைக்கும் எண்ணினதை யாராலும் மறக்கடிக்க முடியாது.

பாண்டியில் நான்கே கட்டம். முட்டை, புழு, கூடு, கொசு. சில்லை எறிந்து நொண்டிப் போய் மிதிக்கிறவன் முதல் மூன்று கட்டத்துக்குள் கொன்றாக வேண்டும். நாலாம் கட்டத்துக்குப் போய்விட்டால் கொசு பறந்துவிட்டது என்று அர்த்தம். ஆடினவன் மட்டுமில்லை, நின்று வேடிக்கை பார்த்தவனும் தோற்றான். "அதெப்படி? நான் ஆடவே இல்லையே," என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். "பறந்துபோன கொசு, நீ ஆடினியா இல்லியான்னு கேட்டுட்டா கடிக்கும்?" என்று எரிந்து விழுந்தார்.

கடைசி விளையாட்டு அவரே கட்டினது. காய்ச்சல் கொசுவின் புழு தண்ணீர் மட்டத்தில் மட்டமாகப் படுத்திருக்கும். மற்றது தலைகீழாகத் தொங்கும். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் "ஊத்து!" என்று கத்தினால் இருந்த இடத்தில் மல்லாந்து, அசையாமல் படுக்க வேண்டும். "சாக்கடை!" என்றால் ஓடிப்போய்க் கொய்யா மரத்தில் தலைகீழாகத் தொங்க வேண்டும். மாற்றிச் செய்தவன் அவுட். படுத்தால் காய்ச்சல், தொங்கினால் கடி. ஐந்து வயதுக் குழந்தைகள் அதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேலைக்கு வந்த முதல் வருஷத்தில் சரக்கு ரசீதில் வந்த சரக்கு எது போன சரக்கு எது என்பதே பிடிபடவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கோட்டுப் போட்டவர் ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டி, விளையாட்டின் வழியாகக் கல்வி என்பது மேல்நாட்டில் வந்திருக்கும் புத்தம் புதிய முறை என்றார். முன் வரிசையில் பிள்ளைகளைக் கை கட்டி உட்கார வைத்து, அசையாதே என்று மிரட்டிவிட்டு, அவர்கள் எதிரில் இதைச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கால் மாற்றி மாட்டினேன். கோபம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். பாதிதான் உண்மை.

மீதிப் பாதி இதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டு நீண்டுபோயிற்று. லயத்தில் விளக்கு வைக்கிற நேரம். மண்டோர் "ஊத்து!" என்று கத்த, இருபது பிள்ளைகளும் வாசல் மண்ணில் அப்படியே மல்லாந்து விழுந்து, கண்ணை மூடி, கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்து விளக்கோடு வெளியே வந்தாள் ராமாயி அக்கா. கிடந்த வரிசையில் அவள் மகன் சுப்பையாவும் ஒருவன்.

அவள் போட்ட சத்தத்தில் நான் ஜன்னல் துணியைப் பிடுங்கினேன்.

"யோவ் மண்டோரே! நீ மனுசனா? விளக்கு வைக்கிற நேரத்துல புள்ளைங்கள வரிசையாப் பொணம் மாதிரிப் படுக்க வச்சிருக்கியே, உனக்குப் புள்ள குட்டி இருக்கா?"

"இருந்துச்சு," என்றார் அவர்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். "எந்திரிங்கடா," என்று பிள்ளைகளை எழுப்பி அனுப்பிவிட்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. லயத்தில் மாதா மாதம் யாருக்காவது வருகிற அதே காய்ச்சல்தான். ஆனால் இந்த முறை காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு பெண்கள் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"மேலாபீசுக்கு ஒரு காயிதம் எழுதுங்க கிராணியாரே. அந்த ஆளு இங்க வேணாம்."

"அக்கா, அது வந்து..."

"நீங்க எழுதலேன்னா, புள்ளைங்களுக்கு என்ன ஆனாலும் உங்க தலையிலதான்."

பன்னிரண்டு பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், என் தூக்குக்கு நானே கயிறு வாங்கித் தருகிற ஆள் நான். ஆனால் பயத்தில் எழுதினேன் என்று சொன்னால் அது பொய். ஒத்துக்கொண்டதுதான் பயத்தில். எழுதியது ருசித்து. மூன்று தரம் திருத்தினேன். 'கொசு மண்டோர் என்று அழைக்கப்படும் நபர்' என்று ஆரம்பித்து, சர்க்கார் நேரத்தில் சிறுபிள்ளை விளையாட்டு, அமங்கலச் செய்கை, குடும்பங்கள் புழங்கும் நல்ல தண்ணீரில் எண்ணெய், மரியாதைப்பட்டவர் அறையில் அத்துமீறிப் பிரவேசம் என்று அடுக்கினேன். 'எங்கள் பச்சிளங் குழந்தைகளின் உயிரைக் காக்க வேண்டி' என்று முடித்தேன். அந்த வரிக்கு இங்கிலீஷில் நல்ல சொல் கிடைத்தபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டு பெண்களும் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. எழுதிக் கொடுத்தவன்தானே!

பத்தே நாளில் அவரைக் கிள்ளான் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பதிலுக்கு ஆள் அனுப்பவில்லை. மனு எழுதினால் உடனே நடக்கிற காரியம் எது, நடக்காத காரியம் எது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஊற்று சுத்தமாயிற்று. எண்ணெய்ப் படலம் போய், அடியில் கூழாங்கல் தெரிந்தது. பெண்களுக்கு நிம்மதி. பிள்ளைகள் மட்டும் விடவில்லை. மண்டோர் இல்லாமலே கண்ணாமூச்சி ஆடினார்கள். மூன்றாவது வாரமோ என்னவோ, ஐந்தாறு பேர் என் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி கையில் கஞ்சிக் குவளை. வெள்ளைக் குவளை அவரோடு போய்விட்டதே.

"கிராணியாரே, ஊத்துல படுத்திருக்கு. பாருங்க."

பார்த்தேன். மட்டமாக, வைக்கோல் துணுக்கு மாதிரி, தண்ணீர் மேலேயே படுத்திருந்தது.

"அம்மாகிட்ட சொன்னோம். அடிச்சிருச்சு. நீங்கதான் இங்கிலீசு எழுதுவீங்களே. எண்ணெய்க்காரர வரச் சொல்லி எழுதுங்க."

போன மாதம் வேண்டாம் என்று எழுதிய கை, இந்த மாதம் வேண்டும் என்று எழுதினால் ஆபீஸில் சிரிக்க மாட்டார்களா? எழுத்து யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால்? வேலை போய்விட்டால்? என் மூளை இந்த மாதிரி விஷயங்களில் ரயிலைவிட வேகம்.

"நாளைக்கு எழுதறேன்," என்றேன்.

நாளைக்கு என்று நான்கு தரம் சொன்னேன். ஐந்தாம் தரம் அவர்கள் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் லயத்தில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. எனக்கு வரவில்லை! ஊரிலேயே அதற்கு அதிகம் பயந்தவன் நான், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு பிள்ளைகள் போயின. ஒன்று ராமாயி அக்காவின் மகன் சுப்பையா. இன்னொன்று மூன்றாம் வீட்டில். இரண்டுக்கும் நான் போகவில்லை. ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து விசாரித்து விசாரித்து நடந்தேன். அவரை அனுப்பியிருந்த பண்டமாரான் அப்போது ஊர் இல்லை, சதுப்பு. நடுவில் ஒரு மேட்டில் பத்து அத்தாப்பு ஓலைக் குடிசை. மண்ணில் கிளித்தட்டுக் கோடு போட்டு, கூலிகளின் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்று அவர் கத்திக்கொண்டிருந்தார்: "ஓரத்துல நிக்காதே! நடுவுல ஓடுற தண்ணிக்குப் பயமில்ல, ஓரத்துல நின்னா புடிச்சுரும்!"

என்னைப் பார்த்தார். மறுபடி பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கத்தினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் ஒரே வரிதான் மிஞ்சியது.

"மண்டோரே, அந்த மனுவை எழுதினது நான்தான்."

"தெரியும். தொரை படிச்சாரு, பக்கத்துல இருந்த கிளார்க்கு தமிழ்ல சொன்னாரு. 'எங்கள் பச்சிளங் குழந்தைகள்'னு வந்துச்சு. அந்த லயத்துல உங்கள விட்டா வேற யாரு அப்படி எழுதுவா?"

"நீங்க திரும்பி வரணும். நான் வேற காயிதம் எழுதறேன். லயம் பூராக் காய்ச்சல். ரெண்டு புள்ளைங்க போயிருச்சு."

அவர் கத்துவதை நிறுத்தினார்.

"யாரு?"

"ராமாயி அக்கா மகன் சுப்பையா."

கண்ணை மூடித் திறந்தார். "இன்னொண்ணு?"

"மூணாம் வீட்டுப் புள்ள."

"மூணாம் வீட்டுல மூணு இருக்கு. எது?"

மூன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பொண்ணா பையனா? அதாவது தெரியுமா?"

வெள்ளைத் துணியில் சுற்றின ஒன்றை ஓர் ஆள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னதாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எத்தினி வருசமாய்யா அந்த லயத்துல இருக்கே?" மரியாதை அறுந்து விழுந்தது.

"மூணு வருசம்."

"உன் கட்டிலுக்கு அடியில பூந்து புழு அள்ளினதுங்கய்யா அதுங்க! பேரு தெரியாது? எங்கள் கொழந்தைங்களாம்! எவன் கொழந்தைங்க? காயிதத்துல எழுதறப்ப உன் கொழந்தைங்க, தூக்கிட்டுப் போறப்ப மூணாம் வீட்டுப் புள்ளையா?" அவர் குரலுக்குப் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "போ. போயி பேரக் கேட்டுட்டு வா. பேரு இல்லாம என் முன்னால நிக்காதே."

திரும்பி வருகிற ரயிலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எண்ணெய் அடிக்கிறவன், கூலிப் பிள்ளைகள் முன்னால் ஒரு கிராணியை இப்படிப் பேசலாமா? பாதி வழிவரை நெஞ்சுக்குள்ளேயே அவருக்கு இன்னொரு மனு எழுதிக்கொண்டு வந்தேன். 'மரியாதைப்பட்டவர்' என்ற சொல்லுக்கு வந்ததும் மேலே ஓடவில்லை.

அந்த ராத்திரி தூங்காமல், மறுநாள் வேலைக்குப் போகுமுன் முந்தின மனு பொய் என்று எழுதி, இந்த முறை என் பேரைப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். வேலை போய்விடும் என்று டிரங்குப் பெட்டியைக்கூடக் கட்டி வைத்தேன். பதிலே வரவில்லை. என் பயத்துக்கு அந்த ஆபீஸ் ஒரு தபால் தலைகூட வீணாக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வேறு ஓர் எண்ணெய்க்காரன் வந்தான். அவன் விளையாட மாட்டான். ஆனால் ஊற்றி விடுவான்.

மூன்றாம் வீடு என் அறையிலிருந்து நான்கு கதவு தள்ளி. கிள்ளானிலிருந்து திரும்பின அந்த வாரத்தில், அந்த நான்கு கதவைத் தாண்ட எனக்கு வியாழக்கிழமை ஆயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாசலில் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... போன புள்ளையோட பேரு என்ன?"

நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப எதுக்குக் கேக்கிறீங்க கிராணியாரே? காயிதத்துல எழுதவா?"

"இல்ல."

"பின்ன?"

"மண்டோரு கேட்டாரு."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாரின்னு சொல்லுங்க. நடுவுள்ளவ. அவருக்குத் தெரியும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரயில் ஏறினேன். மறுபடி நடந்தேன். அதே மேடு, அதே கோடு, பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போய் அந்தப் பேரைச் சொன்னேன். நடுவுள்ளவள் என்றும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இன்னிக்கு ஆட்டம் கெடையாது. வீட்டுக்குப் போங்க," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர்கள் கேட்டதில்லை போலும். கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் எண்ணெய்த் தகரத்தை முதுகில் ஏற்றி, வாரை இறுக்கிக்கொண்டு, சதுப்புக்குள் இறங்கினார். எண்ணெய் அடிக்கிற நாள் இல்லை அது. முழங்கால் தண்ணீரில், போகிற வழியெல்லாம், வலது பக்கமும் இடது பக்கமும் அடித்துக்கொண்டே போனார்.